உங்களுக்குத் தெரியுமா? மலையோரக் கல்யாணங்கள்

"பெரியவங்க பார்த்து முடிக்கிறதுதான் கல்யாணம், காலங்காலமா அப்படித்தானே!" பாலக்காட்டு அக்ரஹாரத்திலும் இதைக் கேட்கலாம், மூணாறு எஸ்டேட் லயத்திலும் கேட்கலாம். அந்தக் 'காலங்காலம்' எவ்வளவு பழையது? எல்லையோரத்திலிருந்து சில செய்திகள்.

● வக்கீல் சேட்டூர் சங்கரன் நாயர் பாலக்காட்டுக்குப் பக்கத்து மங்கரைக்காரர். அவர் காலத்தில் நாயர் வீடுகளில் நடந்த 'சம்பந்த'த்தைச் சட்டம் கல்யாணமாகவே ஏற்கவில்லை. பெண்ணுக்குப் புடவை கொடுத்தால் உறவு தொடங்கிவிடும். பிள்ளைகள் தாயின் தறவாட்டைச் (கூட்டுக் குடும்பத்தைச்) சேர்ந்தவர்கள். அப்பா சொத்தில் பங்கு கிடையாது. இந்த உறவைப் பதிவு செய்ய வழி கேட்டு 1890-ல் சென்னை சட்டசபையில் அவர் மசோதா கொண்டுவந்தார். 1896-ல் சட்டமும் வந்தது. ஆனால் பதிய முன்வந்தவர்கள் மிகச் சிலர்தான்.

● பாலக்காடு அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. இடுக்கி மலைகள் திருவிதாங்கூரில். அதனால் கல்யாணச் சட்டமும் இடத்துக்கு இடம் மாறியது. நாயர்களுக்கு திருவிதாங்கூர் 1912-லும் 1925-லும் சட்டம் போட்டது. பாலக்காடு சேர்ந்த மலபாருக்கு 1933-ல் மருமக்கத்தாய (தாய்வழி முறை) சட்டம் வந்தது. கோர்ட் வழியாக விவாகரத்தும் கிடைத்தது. நாடு முழுதும் உள்ள இந்துக்களுக்கு அந்த உரிமை 1955-ல்தான் வந்தது. பாலக்காட்டு நாயர் பெண் 22 வருஷம் முந்திக்கொண்டார்!

● கட்டப்பனை பக்கம் கோவில்மலையில் இன்றும் ஒரு ராஜா உண்டு. மன்னான் பழங்குடியின் 'ராஜமன்னான்' அவர். 2025 குடியரசு தின விழாவுக்கு டெல்லியிலிருந்து அழைப்பு வந்தது. பட்டம் மகனுக்குப் போகாது, மருமக்கத்தாய முறைப்படி தாய்வழியில்தான் போகும். மதுரையிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் இவர்களின் மன்னான் கூத்து சொல்வது கோவலன் கண்ணகி கதையை! கற்புக்கு அடையாளமான கண்ணகியைப் பாடுகிறவர்கள், வாரிசைத் தாய்வழியில் எண்ணுகிறவர்கள்.

● இடுக்கியின் முதுவான் பழங்குடி ஊர்களில் பருவம் வந்த பையன் பெற்றோருடன் உறங்குவதில்லை. தலைப்பாகை கட்டும் 'உருமால் கட்டு' முடிந்ததும் இளந்தாரிகளின் சாவடிக்குப் போய்விடுவான். குமரிகளுக்கும் தனி இடம் உண்டு. கல்யாணத்தில் மாப்பிள்ளை தரும் பொருள்களில் முக்கியமானது மூங்கில் சீப்பு. அதைக் கொண்டையில் செருகியிருந்தால் கல்யாணமான பெண் என்று அர்த்தம்.

● 2010-ல் கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்தானது முதுவான்கள் வாழும் இடமலக்குடி. மாதவிலக்கு நாட்களில் அங்கே பெண்கள் ஊரை விட்டு ஒதுங்கி 'வாலாப்புரை' என்ற குடிசையில் தங்க வேண்டும். அந்தக் குளிரையும் நெரிசலையும் தவிர்க்கப் பல பெண்கள் கருத்தடை மாத்திரையை விடாமல் விழுங்கி விலக்கையே தள்ளிப்போட்டார்கள். குழந்தை வேண்டாம் என்பதற்கான மாத்திரை, குடிசைக்குப் போகாமலிருக்கப் பயன்பட்டது. உடம்புக்கு இது கேடு என்று சுகாதாரத் துறையினர் எச்சரித்தார்கள்.

● மாமன் மகளைக் கட்டுவது எல்லைக்கு இருபுறமும் பழகிப்போன வழக்கம். ஆனால் இந்து திருமணச் சட்டத்தின் தடை உறவுப் பட்டியலில் அதுவும் உண்டு! சாதி வழக்கம் இருந்தால் மட்டும் விலக்கு. வழக்கமில்லாதவர் கட்டிக்கொண்டால் ஒரு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

● கோபாலபுரம் தமிழ்நாட்டுச் செக்போஸ்ட், தாண்டினால் கோவிந்தாபுரம் கேரளம். நண்பர்கள் முன்னால் மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ போதும், ஐயர் வேண்டாம் என்று சொல்லும் 7ஏ பிரிவு, இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாட்டின் திருத்தம். அண்ணா ஆட்சியில் வந்து 1968 ஜனவரியில் அமலானது. கோவிந்தாபுரத்தில் அதே மாலையை அதே மாதிரி மாற்றினால் இந்தப் பிரிவு துணைக்கு வராது. இப்படிப்பட்ட கல்யாணத்தை ஊரறிய நடத்த வேண்டியதில்லை, வக்கீல் நண்பர்களே சாட்சியாக இருக்கலாம் என்று 2023-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. வீட்டுக்குத் தெரிந்தால் ஆபத்து என்று பயந்து கட்டிக்கொள்ளும் ஜோடிகளுக்கு அது பெரிய ஆறுதல்.

● மதம் பாராமல் கட்டிக்கொள்ள உதவும் சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் நோட்டீஸ் கட்டாயம். கேரளத்தில் இந்த நோட்டீஸ்கள் போட்டோவோடு பதிவுத்துறை இணையதளத்தில் ஏறின. மதம் கடந்து கட்டும் ஜோடிகளின் விவரத்தைச் சிலர் எடுத்துச் சமூக வலைத்தளங்களில் பரப்பத் தொடங்கினார்கள். 2020-ல் அரசு அதை நிறுத்தியது. இப்போது ஆபீஸ் நோட்டீஸ் போர்டோடு சரி.

● வீட்டை மீறிக் கட்டும் ஜோடிகளின் பயம் வெறும் பயம் இல்லை. பாலக்காடு தேங்குறிசியில் வேறு சாதிப் பெண்ணைக் கட்டிய இளைஞர் 2020 கிறிஸ்துமஸ் அன்று மாலை வெட்டிக் கொல்லப்பட்டார். கல்யாணமாகி 88 நாள். பெண்ணின் அப்பாவுக்கும் மாமாவுக்கும் 2024 அக்டோபரில் பாலக்காடு கோர்ட் ஆயுள் தண்டனை கொடுத்தது. வயது வந்த இருவரின் கல்யாணத்தில் குடும்பமோ சாதியோ தலையிடுவது சட்டவிரோதம் என்று சுப்ரீம் கோர்ட் 2018 மார்ச்சிலேயே சொல்லியிருந்தது.

● இடுக்கி மலையில் குடியேறிய சிரியன் கிறிஸ்தவ வீடுகளில் மகளுக்கு ஸ்ரீதனம், மகனுக்கு நிலம். 1916 திருவிதாங்கூர் சட்டப்படி உயில் இல்லாவிட்டால் மகளுக்கு, மகன் பங்கில் நாலில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான். மேரி ராய் வழக்குப் போட, 1986-ல் சுப்ரீம் கோர்ட் அந்தச் சட்டம் 1951-லிருந்தே அமலில் இல்லை என்றது. அவர் எழுத்தாளர் அருந்ததி ராயின் அம்மா.

● பெரியவர்கள் பார்த்து முடிப்பது நம் பக்கம் மட்டும் இல்லை. சீனாவின் ஷாங்காய் மக்கள் பூங்காவில் வார இறுதியில் விரித்த குடைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் பிள்ளையின் வயது, உயரம், படிப்பு, சம்பளம் எழுதிய தாள். பக்கத்தில் காத்திருக்கும் அப்பா, அம்மா. ஜாதகம் இல்லாத குறை ஒன்றுதான்! இந்த நெருக்குதலைச் சமாளிக்கத் தன்பாலீர்ப்புள்ள ஆணும் பெண்ணும் ஊருக்காகக் கட்டிக்கொள்ளும் ஒப்பந்தக் கல்யாணங்களும் சீனாவில் உண்டு. தைவானோ 2019 மே மாதம், ஆசியாவிலேயே முதலாக, ஒருபால் திருமணத்தைச் சட்டமாக்கியது.

● இடுக்கிக்கு அடுத்த தேனி, சென்னை ஹைகோர்ட்டின் மதுரைக் கிளையின் எல்லைக்குள் வருவது. அந்தக் கிளைதான் 2019-ல், இந்து திருமணச் சட்டத்தில் 'மணமகள்' என்றால் திருநங்கையும் அடக்கம் என்று தீர்ப்பளித்தது. தூத்துக்குடி ஜோடி ஒன்றின் கல்யாணத்தைப் பதிய மறுத்ததில் பிறந்த வழக்கு அது.

● ஒருபால் திருமணத்துக்கு 2023 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் கை விரித்துவிட்டது. ஆனால் 2025 மே மாதம், பெற்றோர் அடைத்துவைத்த 25 வயதுப் பெண்ணை அவர் தோழியுடன் போகவிட்ட சென்னை ஹைகோர்ட், குடும்பம் அமைக்கக் கல்யாணம் ஒன்றுதான் வழி என்றில்லை என்றது. அம்மா மனம் மாற நீதிபதிகள் பேசிப் பார்த்தார்கள், நடக்கவில்லை. எல்லா அம்மாவும், மகனின் தன்பாலீர்ப்பை ஏற்ற நீதிபதி லீலா சேத் ஆகிவிட முடியாது என்று தீர்ப்பிலேயே எழுதினார்கள். அம்மா சம்மதிக்கவில்லை, மகளுக்குத் தீர்ப்பு கிடைத்துவிட்டது.