ஒத்தை நட்டு சக்கரம்: கழற்றும்போது உஷார்!

ஜெர்மனியின் போர்ஷே 911 ஜி.டி.3 காரில் சக்கரத்துக்கு ஐந்து போல்ட் கிடையாது. 2009-ம் ஆண்டு மாடல் முதல் நடுவே ஒரே ஒரு பெரிய நட்டுதான்.

"ஒண்ணுதானே, சுலபமா கழட்டிடலாம்" என்று இறங்கினால் வம்புதான்!

இப்போதைய மாடலில் அதை 600 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்க வேண்டும். ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் 60 கிலோ ஆள் தொங்குகிற பலம்! பட்டறையில் உள்ள சின்ன டார்க் ரெஞ்சு இதற்குத் தாங்காது. 600-க்கு மேல் அளவு காட்டும் நீள ரெஞ்சும், அந்த நட்டுக்கென்றே செய்த சாக்கெட்டும் தேவை.

காரைத் தூக்கி நிறுத்தி, உள்ளே ஒருவர் பிரேக்கை அழுத்தி மிதிக்க, மற்றவர் திருக வேண்டும். முறுக்கியதும் சற்றுத் தளர்த்தி, மறுபடி 600-க்கு முறுக்குவது முறை. காற்றுத் துப்பாக்கியால் "டர்ர்" என்று இறுக்கிவிட்டால் அளவு தெரியாது. கடைசியில், நடுப் பூட்டு வெளியே துள்ளி வந்ததா என்று பார்க்காமல் வண்டியை எடுக்கக்கூடாது.

நாலு நட்டு போனாலும் ஐந்தாவது தாங்கும் என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை. இருப்பது ஒன்றுதான்!