காயலில் குடும்ப உலாவும் அதற்கு வேண்டிய சாதனங்களும்

விடுமுறை நாட்களில் மனைவி மக்களுடன் நகரத்தின் சந்தடியை விட்டு நீங்கி, நீர்நிலையொன்றின் கரையில் ஓர் இரவைக் கழித்து வருவது உடலுக்கும் உள்ளத்திற்கும் நலம் தருவதாகும். கொச்சிக் கோட்டையின் வெளி என்னும் பகுதியில் பல தலைமுறைகளாகச் சலவைத் தொழில் புரிந்துவரும் தமிழ்க் குடும்பங்கள் முதல், அண்மையில் அலுவல் மாற்றம் பெற்று வந்தோர் வரை, இங்குள்ள தமிழர் அனைவருக்கும் இவ்வாய்ப்பு வாசலிலேயே அமைந்திருக்கிறது. மட்டாஞ்சேரிப் பண்டகசாலைகளின் பின்புறத்தில் காயல், வடக்கே கடமக்குடித் தீவுகள், தெற்கே கும்பளங்கி. சிறு துடுப்புப் படகுகளில் இந்நீர்நிலைகளில் உலவும் பழக்கமும் பெருகி வருகிறது.

ஆயினும், கூடாரத்தின் நிறத்தையும் விலையையும் குறித்து நெடுநேரம் ஆராயும் குடும்பத்தலைவர், குழந்தையின் மிதவை அங்கியைப் படகுத்துறையில் கிடைத்தபடி எடுத்து மாட்டிவிடுகிறார். இம்முறை தலைகீழானது. குடும்பத்தில் மிகச் சிறியவருக்கு வேண்டியதை முதலில் தேர்ந்தெடுத்து, மற்றவற்றைப் பின்னர்த் தேடுவதே முறை என்பதை இங்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

நம்மவரில் பெரும்பாலோர் கிணற்றிலும் ஏரியிலும் நீந்தக் கற்றவர்கள். அங்கு நீர் நின்ற இடத்தில் நிற்கும். காயல் நீரோ கடலுடன் கலந்தது. நாளொன்றுக்கு இருமுறை ஏறி, இருமுறை இறங்குவது. இறங்கும் வேளையில் நீர் முழுவதும் கொச்சிக் கோட்டைக்கும் வைப்பினுக்கும் இடையிலுள்ள அழிமுகத்தை நோக்கி ஓடும். மழைக்காலத்தில் ஆற்று வெள்ளமும் அதனுடன் சேர்ந்து கொள்ளும். கிணற்றில் பத்துச் சுற்றுச் சுற்றி வருபவரும் இவ்வோட்டத்தை எதிர்த்துச் சில நிமிடங்களுக்கு மேல் நீந்த இயலாது.

கேரளத்தின் அண்மைக்கால வரலாறே இதற்குச் சான்று. 2002-ஆம் ஆண்டு ஜூலை 27 அன்று குமரகத்திற்குச் சென்ற படகு வேம்பநாட்டுக் காயலில் கவிழ்ந்து 29 பேர் மாண்டனர். 2007 பிப்ரவரி 20 அன்று தட்டேக்காட்டில் சுற்றுலா வந்த பள்ளி மாணவர் 15 பேரும் ஆசிரியர் 3 பேரும் உயிரிழந்தனர். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் 45 பேர். அவர்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்தோரும் பலர். 2023 மே 7 அன்று தானூரில் 22 பேர். அவர்களில் பலர் குழந்தைகள். அளவுக்கு மிஞ்சி ஆட்களை ஏற்றியதும், பயணிகள் ஒரே பக்கமாக நகர்ந்ததும், மிதவை அங்கி அணியாதிருந்ததும் இத்தகைய விபத்துகளில் திரும்பத் திரும்பக் காணப்படும் காரணங்களாகும்.

லைஃப் ஜாக்கெட் என்று கடைகளில் வழங்கும் மிதவை அங்கியில் முற்காலத்தில் தக்கையையும் இலவம்பஞ்சையும் அடைத்துத் தைத்தனர். இன்று நீரை உறிஞ்சாத நுரைப்பொருளை வைக்கின்றனர். நீரில் மூழ்கிய மனித உடலின் எடை சில கிலோகிராம் அளவே ஆதலால், சிறிதளவு மிதப்பு விசையே உயிரைக் காக்கப் போதுமானது. அங்கியின் உட்புறத்தில் தைத்துள்ள துணித்துண்டில் இவ்விசை நியூட்டன் கணக்கில் குறிக்கப்பட்டிருக்கும். 10 நியூட்டன் என்பது ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடையைத் தாங்கும் விசை. 50 என்று குறித்தது நீந்தத் தெரிந்தவருக்கு மட்டும் உரியது. 100 என்று குறித்தது, அமைதியான நீரில், நினைவிழந்தவரையும் முகம் மேல்நோக்கும்படி திருப்புவதற்காக அமைக்கப்பட்டது. நீந்தத் தெரியாதவருக்கும் குழந்தைகளுக்கும் இதனையே வாங்குதல் வேண்டும். அத்துணித்துண்டிலேயே எத்தனை கிலோகிராம் எடையுள்ளவருக்கு அது பொருந்தும் என்பதும் காணப்படும். வயதைப் பார்த்து வாங்கலாகாது. எடையைப் பார்த்தே வாங்க வேண்டும். "அடுத்த ஆண்டும் உதவும்" என்று பெரிதாக வாங்குவது பள்ளிச் சீருடைக்குப் பொருந்தலாம்; இதற்குப் பொருந்தாது.

பொருத்தத்தைச் சோதிப்பது எளிது. எல்லா வார்களையும் பூட்டிய பின் குழந்தையை இரு கைகளையும் உயர்த்தச் சொல்லி, அங்கியின் தோட்பட்டைகளைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அங்கி காதுவரை ஏறினால் அது பெரியது என்று அறியலாம். சிறு குழந்தைகளின் அங்கியில் கால்களுக்கிடையே செல்லும் வார் ஒன்றும், தலையின் பின்புறம் தாங்கும் பட்டையும், தூக்குவதற்கு ஒரு பிடியும் இருத்தல் அவசியம். ஒவ்வோர் அங்கியிலும் ஒரு விசிலைக் கட்டி வையுங்கள். அங்கியை இருக்கையாக இட்டு அதன்மேல் அமரும் வழக்கம் தீயது. அமுங்கிய நுரை மிதக்கும் திறனை இழந்துவிடும்.

அடுத்தது படகு. வடதுருவப் பகுதிகளில் வாழும் மக்கள் கடல்நாய்த் தோலைப் போர்த்தி அமைத்த கயாக் என்னும் படகே இன்று பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டு உலகெங்கும் வழங்குகிறது. இதில் உள்ளே அமர்வது, மேலே அமர்வது என இருவகை உண்டு. இரண்டாவது நம் கட்டுமரத்தின் இயல்பை உடையது. கவிழ்ந்தாலும் நீர் நிரம்பாது. நிமிர்த்தி மீண்டும் ஏறிக்கொள்ளலாம். குடும்பத்தினருக்கு அதுவே ஏற்றது. படகு தாங்கும் எடையில் ஆட்களுடன் மூட்டைகளும் அடக்கம் என்பதை மறத்தலாகாது. மட்டாஞ்சேரிக்கும் வில்லிங்டன் தீவுக்கும் இடைப்பட்ட கால்வாயில் பயணிப் படகுகளும் விசைப்படகுகளும் ஓயாது செல்வதால், துடுப்புப் படகுடன் அங்கு இறங்குதல் தகாது. அகலம் குறைந்த, ஆழமற்ற கிளைக்காயல்களே நமக்கு உரியவை.

உடையிலும் கவனம் வேண்டும். நனைந்த சேலையும் வேட்டியும் கால்களைச் சுற்றிக்கொண்டு நீந்த விடா. உடலோடு பொருந்திய, விரைவில் உலரும் ஆடையே நன்று. கரையோரச் சிப்பி ஓடுகள் பாதத்தைக் கிழிக்கும். அக்காயத்தின் வழியே எலிக்காய்ச்சல் தொற்றுவதும் உண்டு. மலையாளத்தில் இதனை எலிப்பனி என்பர். ஆகவே வார் வைத்த ரப்பர்க் காலணி அணிவது நலம். திரும்பிய பின் காய்ச்சல் கண்டால், நீரில் இறங்கிய செய்தியை மருத்துவரிடம் தவறாது சொல்ல வேண்டும். மீட்புக்கென 15 மீட்டர்க் கயிறு ஒன்று தேவை. நைலான் கயிறு நீரில் அமிழும். தென்னங்கயிறும் பாலிபுரொப்பிலீன் கயிறும் மிதக்கும். காயல் நீர் உவர்ப்பாதலால் குடிநீர் ஆளுக்கு 3 லிட்டருக்குக் குறையாமல் வேண்டும். கைப்பேசியையும் மருந்துகளையும் நீர் புகாப் பையில் இட்டு வாய் சுருட்டிக் கட்டிவிடலாம்.

இவையனைத்தும் அமைந்த பின்னரே கூடாரத்தைப் பற்றி எண்ணலாம். நால்வருக்கு என்று குறித்த கூடாரத்தில் நால்வர் தோளோடு தோள் உரசியே படுக்க இயலும். பெற்றோர் இருவரும் குழந்தைகள் இருவரும் உள்ள குடும்பம் அறுவருக்கான கூடாரத்தை வாங்குவது நன்று. கொச்சியின் ஈரக்காற்றில், ஒற்றைத் துணிக் கூடாரத்தினுள் நம் மூச்சே நீராகப் படிந்து சொட்டும். உள்ளே வலைத்துணியும் வெளியே மழைத்துணியுமாக இரட்டை அமைப்பு உடையதே இங்கு ஏற்றது. அவ்வலை கொசுவையும் தடுக்கும். துணியின் நீர்த்தாங்கு திறன் மில்லிமீட்டரில் குறிக்கப்படும். 3000 என்றால் 3 மீட்டர் உயர நீரின் அழுத்தத்தைத் தாங்கும் என்பது பொருள். தரைக்குக் கீழே ஒரு தார்ப்பாயை விரித்து, அதன் ஓரங்கள் வெளியே நீளாதவாறு மடித்துவிட வேண்டும். இல்லையேல் அது மழைநீரைக் கூடாரத்தின் அடியில் தேக்கும். மணற்பாங்கான நிலத்தில் நீண்ட முளைகளே நிலைக்கும். நிலத்துக்குரியவரின் அனுமதி பெற்று, ஏற்றநீர் தொடும் கோட்டுக்கு மேலே, தென்னை மரத்தின் நேர்கீழே அமையாதவாறு இடம் தேர்க. காய்ந்த மட்டையும் முற்றிய தேங்காயும் இரவில் சொல்லிவிட்டு விழுவதில்லை.

டிசம்பர் முதல் மார்ச் வரையிலான மாதங்களே இப்பயணத்திற்கு உகந்தவை. ஜூன் முதல் செப்டம்பர் வரை பெருமழை. ஏப்ரல், மே மாதங்களிலும், துலாமழை பெய்யும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடியும் மின்னலும் மிகுதி. இடியோசை கேட்டவுடன் நீரை விட்டுக் கரையேறி உறுதியான கட்டடத்தினுள் புகுதல் வேண்டும். கூடாரம் மின்னலைத் தடுக்காது.

செலவு குறித்து ஒரு சொல். எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. படகையும் துடுப்பையும் கூடாரத்தையும் வாடகைக்குப் பெறலாம். குழந்தையின் மிதவை அங்கியை மட்டும் சொந்தமாக வாங்கி, புறப்படுமுன் இடுப்பளவு நீரில் அணிவித்து மிதக்கவிட்டுப் பார்த்துவிடுங்கள். அதன் வாய் நீர்மட்டத்திற்கு மேலே நிற்கிறதா என்று கண்டு தெளிந்த பின்னரே துடுப்பைக் கையில் எடுங்கள். அங்கியைப் பெரியோரும் கரை சேரும்வரை கழற்றாதிருந்தால், சிறுவர் தாமாகவே அதனைப் பின்பற்றுவர்.