உப்பும் இனிக்கும்

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்பார்கள் நம் பெரியோர். ஆனால் ஐஸ்கிரீமில் உப்புப் போடலாம் என்றால் நம்மில் பலர் முகம் சுளிப்போம். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ஏழைகள் உண்ட ஓர் எளிய இரவுணவிலிருந்து வந்த ஐஸ்கிரீம் ஒன்று, உப்பின் அருமையை நமக்குக் காட்டுகிறது.

அலபாமா, ஜோர்ஜியா, மிசிசிப்பி போன்ற மாநிலங்களில் சோளமே எளியவர்களின் தானியம். அம்மண்ணின் பூர்வீகக் குடிகளான செரோக்கி, சொக்டோ மக்கள் சோளத்தை இடித்து ரொட்டி சுட்டனர். பின்னர் ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களுக்குப் பங்கீடாகக் கிடைத்ததும் பெரும்பாலும் சோளமாதான். இவர்கள் எல்லோரின் கைப்பக்குவத்தில் வளர்ந்ததே சோளப்பாண். இரவில் எஞ்சிய பாணை உதிர்த்துக் கோப்பையில் போட்டு, வெண்ணெய் கடைந்தபின் மிஞ்சிய மோரை ஊற்றிக் கரண்டியால் உண்பார்கள். எஞ்சியதும் மிஞ்சியதும் சேர்ந்து ஒரு வேளை உணவாயிற்று.

அந்தச் சுவையைத்தான் இன்று ஐஸ்கிரீமிலும் கொண்டுவருகிறார்கள். இதில் உப்பு ஏன் தேவை? குளிர்ந்த உணவில் நம் நாக்குக்கு இனிப்புக் குறைவாகவே தெரியும். உருகிய ஐஸ்கிரீம் திகட்டுவதற்கும் இதுவே காரணம். சிறிதளவு உப்பு கசப்பை அடக்கி இனிப்பை எடுத்துக் காட்டும். அளவு மீறினாலோ உவர்ப்பதோடு, கலவை இறுகுவதும் கடினமாகும். ஏனெனில் உப்பு நீரின் உறைநிலையைக் குறைக்கிறது.

அதே குணம் ஒரு காலத்தில் பெரிதும் உதவியது. 1843இல் நான்சி ஜோன்சன் என்ற அமெரிக்கப் பெண்மணி, கையால் சுற்றும் ஐஸ்கிரீம் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அவ்வகை இயந்திரத்தில் பாத்திரத்தைச் சுற்றி ஐஸ்கட்டியும் உப்பும் இடுவார்கள். அக்கலவையின் குளிர் ஏறத்தாழ -21 பாகை செல்சியஸ் வரை இறங்கக்கூடும். மின்சாரம் இல்லாமலே ஐஸ்கிரீம் இறுகியது இப்படித்தான்.

இனி வீட்டில் செய்யும் முறையைப் பார்ப்போம்.

சோளப்பாண்: மஞ்சள் சோளமா 1 கோப்பை, கோதுமைமா அரைக் கோப்பை, பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி ஆகியவற்றைக் கலந்து, மோர் 1 கோப்பை, முட்டை 1, உருக்கிய பட்டர் 3 மேசைக்கரண்டி சேர்த்துக் குழையுங்கள். 200 பாகையில் சூடாக்கிய ஓவனில் 20 முதல் 25 நிமிடம் வேகவிடுங்கள். கடையில் கிடைக்கும் வெள்ளைக் கோர்ன்ஃபிளவர் இதற்கு உதவாது; அது வெறும் மாச்சத்து. அங்கே பழைய முறையில் பன்றிக்கொழுப்புத் தடவிய இரும்புச் சட்டியில் சுடுவதுண்டு. நமக்கு அது ஆகாது. பட்டரே போதும், சுவையும் குறையாது.

ஐஸ்கிரீம்: நன்கு குளிர்ந்த விப்பிங் கிரீம் 250 மில்லிலீற்றரை நுரைத்து நிற்கும்வரை அடியுங்கள். இனிப்பு டின்பால் 200 கிராம், கெட்டித் தயிர் 100 மில்லிலீற்றர், உப்புக் கால் தேக்கரண்டி ஆகியவற்றைத் தனியே கலந்து, கிரீமுடன் மெதுவாகச் சேருங்கள். மோருக்குப் பதில் கெட்டித் தயிர் சேர்ப்பது, நீர் கூடினால் ஐஸ் நறநறவென்று கட்டிவிடும் என்பதால்.

ஆறிய பாணில் ஒரு கோப்பையளவு உதிர்த்து, சிறிது பட்டரில் மொறுமொறுப்பாக வறுத்து ஆறவிடுங்கள். பட்டர் பூசிய துகள் எளிதில் ஊறாது. அதைக் கலவையில் தூவிக் கிளறி, மூடியுள்ள பாத்திரத்தில் ஊற்றி உறைகுளிர்ப் பெட்டியில் 8 மணிநேரம் வையுங்கள். பரிமாறும்போது தென்மாநிலத்தவர் இறுங்குத் தண்டின் சாற்றைக் காய்ச்சிய பாணியை ஊற்றுவார்கள். நம்மிடம் கித்துள் பாணி இருக்கிறது. ஒருமுறை முற்றாக உருகியதை மீண்டும் உறைய வைக்க வேண்டாம். அதற்குள் கிருமிகள் பெருகியிருக்கலாம்.

தோழியரே, செய்யும்போது உப்புச் சேர்க்காத கலவையையும் ஒரு சிறு கிண்ணத்தில் உறைய வையுங்கள். மறுநாள் வீட்டாருக்கு இரண்டையும் கொடுத்து, எது அதிகம் இனிக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். காரணத்தை அவர்கள் விடை சொன்ன பிறகு சொல்லுங்கள்.