இரண்டு ஏடுகளும் ஒரு வெற்றிடமும்



இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டப்புறப் பாடசாலைகளில் கடமையாற்றுவோர் நன்கறிந்த காட்சி ஒன்றுண்டு. சாதாரண தரப் பரீட்சை நெருங்கும். மாணவர்க்குத் தேசிய அடையாள அட்டை வேண்டும். அதற்குப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் வேண்டும். அதிபரின் மேசைமீது சேர்வு இடாப்பு ஒருபுறம், பத்திர விவரங்கள் எழுதிய ஏடு மறுபுறம். இரண்டையும் ஒப்பு நோக்கி, எவருக்குப் பத்திரம் உண்டு, எவருக்கு இல்லை என அறிதல் வேண்டும். இவ்வேலையையே கணினி ‘இணைப்பு’ என்னும் பெயரால் செய்கிறது.

1970ஆம் ஆண்டில், ஐ.பி.எம். நிறுவனத்து ஆராய்ச்சியாளரான எட்கர் கொட் என்பார், தரவுகளை நிரையும் நிரலும் கொண்ட அட்டவணைகளாக அமைக்கும் முறையை ஒரு கட்டுரையில் விளக்கினார். ஒரு செய்தியைப் பல இடங்களில் எழுதாது ஓரிடத்தில் எழுதி, வேண்டும்போது அட்டவணைகளைத் தொடர்புபடுத்தலாம். அத்தொடர்புக்கு இரண்டிலும் பொதுவான ஒரு நிரல் தேவை. அதுவே திறவுகோல்.

பெயரைத் திறவுகோலாகக் கொள்ளலாகாதோ எனின், ஆகாது. ஓர் ஏட்டில் முத்தம்மா என்றும் மற்றதில் முத்தம்மாள் என்றும் இருப்பின், கணினிக்கு அவர்கள் இருவர். ஒரே பெயருடையோர் மூவர் இருப்பின், ஒருத்தியின் பத்திரம் மற்றவள் பெயரோடும் சேர்ந்துவிடும். ஆகவே ஒருவருக்கு மட்டுமே உரிய சேர்வு இலக்கத்தை இரண்டு அட்டவணைகளிலும் எழுதுதல் நன்று.

இடாப்பில் 41, 42, 43 என மூன்று பிள்ளைகள் உளர் எனக் கொள்வோம். பத்திர அட்டவணையில் 41, 43 மட்டுமே உண்டு. ‘இன்னர் ஜொயின்’ என்னும் அக இணைப்பு, இரண்டிலும் உள்ளோரை மட்டும் தரும். பட்டியலில் இருவரே வருவர். ‘லெஃப்ட் ஜொயின்’ என்னும் இடப்புற இணைப்போ, முதல் அட்டவணையிலுள்ள மூவரையும் தந்து, 42க்கு நேரே பத்திர நிரலை வெற்றிடமாக விடும். அவ்வெற்றிடமுள்ள நிரைகளை மட்டும் தருக எனக் கேட்டால், பத்திரமில்லாத பிள்ளைகளின் பட்டியல் கிடைத்துவிடும்.

முதற் பட்டியலிலும் பிழையேதும் இல்லை; ஆயின் 42ஆம் பிள்ளை அதில் காணப்படவில்லை. காணப்படாத பிள்ளைக்காகக் காலங்கடந்த பிறப்புப் பதிவுக்கு விண்ணப்பிக்க எவர் முன்வருவார்?

பத்திரமின்மையின் துன்பத்தைத் தோட்ட மக்கள் நன்கறிவர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், தந்தை வழிப் பிறப்பிற்குச் சான்று கேட்டது. தலைமுறையாய் இம்மண்ணில் உழைத்தும், எழுத்துச் சான்று இல்லாமையால் உரிமையை நிலைநாட்ட இயலாதோர் பலர். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை நாடற்றோர் பிரச்சினை நீடித்தது.

ஆதலின், ஏடுகளை இணைக்க அமரும் இளைஞர், எந்த அட்டவணையின் மாந்தர் எவரும் விடுபடலாகாது என்பதை முதலில் தீர்மானித்து, அதனையே இடப்புறம் வைப்பாராக.