மடை மாற்றப் போனவரும் மருத்துவ இதழும்

திருக்காட்டுப்பள்ளியில் காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிகிறது. சுற்றிலும் நெல், வாழை. வரப்பில் எலி வளை, எலியைத் தேடிவரும் கண்ணாடி விரியன். இரவில் மடை மாற்றப் போகிறவர் கால் வைக்கிற இடத்தில்தான் அதுவும் சுருண்டு கிடக்கும். அதனால் இந்தப் பக்கம் மருத்துவம் பார்க்க வந்த எவருக்கும் சில கேள்விகளிலிருந்து தப்பிக்க வழியில்லை. விஷமுறிவு மருந்து எத்தனை குப்பி ஏற்றுவது? குதிரை ரத்தத்திலிருந்து எடுக்கும் மருந்தாயிற்றே, ஏற்றும்போது சிலருக்கு உடம்பெல்லாம் தடித்து, குளிர் நடுக்கி, மூச்சு முட்டி, ரத்த அழுத்தம் சரிகிறதே, அதை முன்கூட்டியே தடுக்க முடியுமா?

1980களில் இந்தக் கேள்விகளை வைத்துக்கொண்டு ஒரு டாக்டர் எங்கே போயிருப்பார்? மேசையில் ஹாரிசன் அல்லது டேவிட்சன் மருத்துவப் பாடநூல் இருக்கும், பெரும்பாலும் கல்லூரி நாளில் வாங்கிய பழைய பதிப்பு. ஒன்று அமெரிக்காவில் எழுதியது, மற்றது ஸ்காட்லாந்தில். தஞ்சாவூர் வயலில் விரியன் கடித்தவருக்கு அவற்றில் கிடைக்கும் இடம் கொஞ்சம்தான். அடுத்த வழி மெடிக்கல் ரெப். அவர் விட்டுப்போகும் வழவழப்பான தாளுக்கு ‘லிட்டரேச்சர்’ என்றே பெயர். கம்பெனி மருந்தை விற்பதற்காக அச்சடித்த அந்தத் தாளைத் தாண்டி வேறு எதையும் படிக்காமலே ஓய்வுபெற்றவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மற்ற வழி எப்படி இருந்தது என்று பார்த்தால் காரணம் புரியும்.

முதலில் பஸ் ஏறி, ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தள்ளி, தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி நூலகத்துக்குப் போக வேண்டும். அந்தக் காலத்து மருத்துவ நூலகங்களில் தேடலுக்கு ஆதாரம் ‘இண்டெக்ஸ் மெடிக்கஸ்’. 1879இல் ஜான் ஷா பில்லிங்ஸ் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர் தொடங்கியது. உலகத்து மருத்துவ இதழ்களில் வந்த கட்டுரைகளின் பட்டியல் மாதாமாதம் வரும், ஆண்டு முடிவில் தடித்தடியான தொகுதிகளாகச் சேரும். உள்ளே கட்டுரை இருக்காது. தலைப்பு, எழுதியவர் பெயர், இதழ், பக்க எண், அவ்வளவுதான். பாம்புக்கடி என்ற தலைப்பின் கீழ் இந்த ஆண்டைப் பார்த்து, போன ஆண்டைப் பார்த்து, அதற்கு முந்தியதையும் இறக்கிப் பார்த்து, பொருத்தமாகத் தெரிவதைக் கையால் எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு அந்த இதழ் நூலகத்துக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் கட்டுரை எழுதியவருக்கே ஒரு அஞ்சலட்டை: தங்கள் கட்டுரையின் பிரதி ஒன்றை அனுப்பி உதவவும். பலர் அனுப்பவும் செய்தார்கள், கடல் கடந்து, தங்கள் செலவில். அது வந்து சேர வாரங்கள், சில சமயம் மாதங்கள். எந்த நோயாளிக்காகக் கேள்வி எழுந்ததோ அவர் அதற்குள் பிழைத்து அடுத்த அறுவடைக்கே போயிருப்பார், அல்லது அவருக்குக் கருமாதி முடிந்திருக்கும்.

தேடினாலும் பதில் இல்லாத கேள்விகளும் இருந்தன. மகாராஷ்டிரத்தில் மகாட் பகுதியில் வேலை பார்த்த ஹிம்மத்ராவ் பவாஸ்கர், செந்தேள் கொட்டியவர்கள் நெஞ்சு நிறைய நுரை கட்டிச் சாவதைப் பார்த்தார். புத்தகங்களில் வழி கிடைக்கவில்லை. படுக்கையருகே உட்கார்ந்து பார்த்ததைத் தாமே எழுதினார். 1982இல் ‘லான்செட்’ வெளியிட்டது. ரத்த அழுத்தத்துக்குத் தரும் பிரசோசின் மாத்திரை தேள்கடியில் உயிர்காக்கும் என்று உலகுக்குச் சொன்னவர் அவர்தான். 2022இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

விஷமுறிவு மருந்தின் அளவு பற்றிய கேள்விக்கு நம் மாநிலத்திலேயே ஒரு பதில் வந்தது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் குறைந்த அளவையும் கூடிய அளவையும் ஒப்பிட்டு நடந்த ஒரு ஆய்வை 1999இல் ‘ஜாபி’ என்ற இந்திய மருத்துவ இதழ் வெளியிட்டது. குறைந்த அளவு மோசமில்லை என்பது அதன் முடிவு. சிறிய ஆய்வுதான். ஆனாலும் குப்பிக்குத் தட்டுப்பாடு உள்ள ஊருக்கு அது எவ்வளவு பெரிய செய்தி! ஜாபிக்குச் சந்தா கட்டாத கிளினிக்கை அது எப்போது எட்டியிருக்கும் என்பதுதான் கேள்வி.

அதற்கு இரண்டு ஆண்டுக்கு முன்பே, 1997 ஜூனில், அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் ‘பப்மெட்’ என்ற இணையத் தேடல் தளத்தை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டிருந்தது. இண்டெக்ஸ் மெடிக்கஸ் 2004 டிசம்பரோடு அச்சில் நின்றது. இன்று அந்தத் தொகுதிகளில் தேடியதெல்லாம் சட்டைப்பைக் கைபேசியில். கடிபட்டவர் வந்ததும் 2 மில்லி ரத்தம் எடுத்து, சுத்தமான காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் ஆடாமல் வைப்பார்கள். உறையாவிட்டால் விஷம் ஏறியிருக்கிறது. அந்த 20 நிமிடத்துக்குள் இன்றைய டாக்டர் கேள்வியைப் போட்டுப் பதிலையும் படித்துவிடலாம்.

போடத் தெரிந்திருந்தால். ‘பாம்புக்கடி’ என்று மட்டும் தட்டினால் ஆயிரக்கணக்கில் வந்து விழும். நோயாளி யார், தர நினைப்பது என்ன, எதோடு ஒப்பிடுகிறோம், எந்த விளைவைப் பார்க்கிறோம் என்று கேள்வியை நான்காக உடைக்கச் சொல்கிறார்கள். விஷமுறிவு மருந்து ஏற்றப்போகிறவர், முன்கூட்டி அட்ரினலின் ஊசி, மருந்தில்லா ஊசியோடு ஒப்பீடு, கடும் ஒவ்வாமை. இப்படிக் கேட்டால் 2011இல் ‘பிளாஸ் மெடிசின்’ இதழில் வந்த இலங்கை ஆய்வு கிடைக்கும். அசித டி சில்வாவும் குழுவினரும் 1,007 பேரை வைத்துச் செய்தது. முக்கால்வாசிப் பேருக்கு ஏதாவது ஒவ்வாமை வந்திருந்தது. தோலுக்கடியில் கால் மில்லி அட்ரினலின் முதலில் போட்டதில், முதல் ஒரு மணி நேரத்தில் கடும் ஒவ்வாமை 43 சதவீதம் குறைந்தது. ஹைட்ரோகார்ட்டிசோனும் புரோமெத்தசினும் பயன் தரவில்லை. அதுமட்டுமல்ல, ஹைட்ரோகார்ட்டிசோனைச் சேர்த்துப் போட்டால் அட்ரினலினின் பலனும் போய்விட்டது. இலங்கை பயன்படுத்துவது இந்தியாவில் செய்த விஷமுறிவு மருந்து. ஆக, அங்கே சோதிக்கப்பட்டது நம் மருந்துதான். கட்டுரையைப் படிக்கக் காசு வேண்டாம்.

எல்லாம் இப்படி இலவசமில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் நூலகத்தை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2007இல் நாடு முழுவதற்கும் சந்தா கட்டித் திறந்துவிட்டது, நல்ல காரியம். 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாயில் சுமார் 13,000 இதழ்களைத் தருகிறது. ஆனால் அது அரசு உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு. திருக்காட்டுப்பள்ளி கடைத்தெருவில் கிளினிக் வைத்திருப்பவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். அவருக்குக் கட்டுரைச் சுருக்கத்தோடு சரி. சுருக்கத்தை மட்டும் படித்து மருந்தை மாற்றுவது ஆபத்து. அதைவிட ஆபத்து, செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு, அது சொன்ன கட்டுரை உண்மையில் இருக்கிறதா என்று பார்க்காமல் நம்புவது. இல்லாத ஆய்வுக்கும் ஆசிரியர், ஆண்டு, பக்க எண் எல்லாம் போட்டுத் தர அதற்குத் தெரியும்.

இத்தனைக்குப் பிறகும் பல வார்டுகளில் விஷமுறிவு மருந்து தொடங்குமுன் சிஸ்டர் எடுத்து வைப்பது ஒவ்வாமை மருந்தான அவிலும் ஹைட்ரோகார்ட்டிசோனும்தான். இலங்கையில் சோதித்த புரோமெத்தசின் அவிலுக்குப் பங்காளி மருந்து. அட்ரினலினைத் தொடத் தயங்குவதற்கும் காரணம் இருக்கிறது. விரியன் கடித்து ரத்தம் உறையாமல் கிடப்பவருக்கு அழுத்தம் எகிறினால் மூளையில் கசிந்துவிடுமோ என்ற பயம். அது வீண் பயமில்லை. தோலுக்கடியில் போடும் அந்தச் சின்ன அளவு வேறு, ரத்தநாளத்தில் ஏற்றுவது வேறு என்று யாராவது உட்கார்ந்து எடுத்துச் சொன்னால்தான் அது தெளியும். இரவுப் பணியில் தனியாக இருக்கும் இளம் டாக்டர் கட்டுரையைப் படித்துவிட்டார் என்றே வையுங்கள். சுவரில் ஒட்டியிருக்கும் சிகிச்சை முறைத் தாளை மீறிப் போட்டு, ஏதாவது ஆகிவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அவரும் அவிலையே எழுதுகிறார்.