பூ அட் த ஜூ

பூ அட் த ஜூ என்பது அமெரிக்காவின் நியூயார்க் நகரிலுள்ள பிராங்க்ஸ் விலங்குக் காட்சிச்சாலையில் ஹாலோவீனை முன்னிட்டு நடத்தப்படும் குடும்ப நிகழ்ச்சி ஆகும். ஆங்கிலத்தில் 'பூ' என்பது பிறரைத் திடுக்கிடச் செய்ய எழுப்பும் ஒலி. வாசிங்டனிலுள்ள சிமித்சோனியன் தேசிய விலங்குக் காட்சிச்சாலை உட்பட வேறு பல இடங்களிலும் இதே பெயரில் நிகழ்ச்சிகள் நடைபெறுகின்றன.

நிகழ்ச்சிகள்

ஹாலோவீன் நாள் அக்டோபர் 31 ஆகும். அதையொட்டிய இலையுதிர்கால வார இறுதிகளில் இந்நிகழ்ச்சி நடைபெறுகிறது. குழந்தைகள் மாறுவேடமிட்டு ஊர்வலம் செல்வதும், மிட்டாய் சேகரிப்பதும், பூசணிக்காய் செதுக்குவதைக் காண்பதும் இதன் முக்கிய அம்சங்கள். அற்றுப்போன விலங்குகளின் பெயர் தாங்கிய மாதிரிக் கல்லறைகளும் அமைக்கப்படுகின்றன.

அச்சமும் உண்மையும்

ஹாலோவீன் அலங்காரங்களில் வௌவாலும் சிலந்தியும் அச்சத்தின் அடையாளங்களாக இடம்பெறுகின்றன. ஆனால் உலகிலுள்ள சுமார் 1,400 வௌவால் இனங்களுள் மூன்று மட்டுமே இரத்தத்தை உணவாகக் கொள்கின்றன. அவை மெக்சிகோ முதல் தென் அமெரிக்கா வரை வாழ்பவை. உடல் முழுதும் மயிர் நிறைந்த டராண்டுலா சிலந்திகளுள் பெரும்பாலானவற்றின் கடி, தேனீ கொட்டுவதைப் போன்ற வலியையே தரும்.

இரவாடி விலங்குகள்

இரவாடி விலங்குகள் பகலில் உறங்குவதால், பகலில் வரும் பார்வையாளர்கள் அவற்றின் நடமாட்டத்தைக் காண்பது அரிது. இதற்காக 1969 இல் பிராங்க்ஸ் காட்சிச்சாலையில் 'இருள் உலகம்' என்னும் கட்டடம் திறக்கப்பட்டது. இங்கு பகலில் மங்கிய ஒளியும் இரவில் பிரகாசமான ஒளியும் தரப்படுகின்றன. இதனால் விலங்குகள் பகலை இரவாகக் கொண்டு நடமாடுகின்றன. நிதி நெருக்கடியால் 2009 இல் மூடப்பட்ட இக்கட்டடம் 2025 இல் மீண்டும் திறக்கப்பட்டது.

வௌவால்களின் நிலை

நியூயார்க் மாநிலத்துக் குகையொன்றில் 2006 இல் வெண்மூக்கு நோய் முதன்முதலில் பதிவானது. இதற்குக் காரணமான பூஞ்சை, குளிர்கால உறக்கத்திலிருக்கும் வௌவால்களைத் தாக்கி அடிக்கடி விழிக்கச் செய்கிறது. பூச்சிகள் கிடைக்காத அக்காலத்தில் உடலில் சேமித்த கொழுப்பு விரைவில் தீர்ந்து அவை இறக்கின்றன. வட அமெரிக்காவில் பல மில்லியன் வௌவால்கள் இந்நோயால் இறந்துள்ளன. மிகுதியாகப் பாதிக்கப்பட்ட சிறு பழுப்பு வௌவால் பொதுவாக ஆண்டுக்கு ஒரு குட்டியே ஈனுவதால், அதன் எண்ணிக்கை மீள்வதற்கு நீண்டகாலம் ஆகும்.