செவிலியர் கல்லூரித் தெரிவு (தமிழ்நாடு)

செவிலியர் கல்லூரித் தெரிவு என்பது, இளம் அறிவியல் செவிலியப் பட்டப்படிப்பில் (பி.எஸ்சி. நர்சிங்) சேர விரும்பும் மாணவர் தாம் பயிலவேண்டிய கல்லூரியைத் தெரிந்தெடுப்பதைக் குறிக்கும். செவிலியம் ஒரு பதிவுத் தொழில் ஆகும். பட்டம் பெற்றிருந்தாலும், மாநிலச் செவிலியர் குழுமத்தில் பதிவு செய்யாத ஒருவர் செவிலியராகப் பணியாற்ற இயலாது. உரிய அனுமதி இல்லாத கல்லூரியில் படித்தவருக்கு இப்பதிவு கிடைப்பதில்லை. ஆகவே கல்லூரித் தெரிவில் நேரும் பிழை நான்கு ஆண்டு உழைப்பையும் குடும்பத்தின் சேமிப்பையும் வீணாக்கக்கூடியது.

இப்படிப்பில் பெரும்பகுதி வகுப்பறையில் அன்றி நோயாளியின் படுக்கை அருகில் கற்கப்படுகின்றது. எனவே ஒரு செவிலியர் கல்லூரியின் தரம், அதன் கட்டடத்தைக் காட்டிலும் அதன் மாணவர்கள் பயிற்சி பெறும் மருத்துவமனையைச் சார்ந்தே அமைகின்றது.

வரலாறு

1860 ஆம் ஆண்டு இலண்டனிலுள்ள புனித தோமையர் மருத்துவமனையில் புளோரன்சு நைட்டிங்கேல் தொடங்கிய பள்ளி, நவீன செவிலியக் கல்விக்கு முன்மாதிரியாகக் கருதப்படுகின்றது. தமிழ்நாட்டில் 1871 ஆம் ஆண்டு சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி தொடங்கியது. வேலூரில் ஐடா இசுக்கடர் நிறுவிய மருத்துவமனையில் 1909 ஆம் ஆண்டு செவிலியர் பள்ளி ஏற்பட்டது. 1946 ஆம் ஆண்டு வேலூரிலும் தில்லியிலும் நான்காண்டுப் பட்டப்படிப்புகள் தொடங்கப்பட்டன. இந்தியாவில் செவிலியம் பல்கலைக்கழகப் படிப்பாக ஆனது இவற்றின் மூலமே.

சென்னை மாகாணத்தில் 1926 ஆம் ஆண்டுச் சட்டம் செவிலியர், மருத்துவச்சிகள் ஆகியோரின் பதிவுக்கு வழி செய்தது. இந்தியா முழுமைக்கும் ஒரே தரத்தை வகுக்க, இந்திய செவிலியர் குழுமச் சட்டம் 1947 ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. இச்சட்டத்துக்கு மாற்றாக, தேசிய செவிலியர், மருத்துவச்சியர் ஆணையச் சட்டம் 2023 ஆம் ஆண்டு நாடாளுமன்றத்தில் நிறைவேற்றப்பட்டது.

படிப்பு வகைகள்

பெயர் ஒற்றுமையால் மாணவர் குழப்பம் அடைவது உண்டு. முக்கியமான படிப்புகள் பின்வருவன:

- துணைச் செவிலியர், மருத்துவச்சி (ஏ.என்.எம்.): 2 ஆண்டுச் சான்றிதழ்ப் படிப்பு. கிராம சுகாதாரப் பணிக்கு உரியது.
- பொதுச் செவிலியம், மகப்பேற்றுப் பணி (ஜி.என்.எம்.): 3 ஆண்டுப் பட்டயப் படிப்பு.
- இளம் அறிவியல் செவிலியம் (பி.எஸ்சி. நர்சிங்): 4 ஆண்டுப் பட்டப்படிப்பு.
- பட்டயத்துக்குப் பிந்திய இளம் அறிவியல் (போஸ்ட் பேசிக் பி.எஸ்சி.): ஜி.என்.எம். முடித்தவர்களுக்கான 2 ஆண்டுப் படிப்பு.
- முது அறிவியல் செவிலியம் (எம்.எஸ்சி. நர்சிங்): 2 ஆண்டுப் படிப்பு.

இவை தவிர, "நர்சிங் உதவியாளர்" என்பது போன்ற பெயர்களில் ஆறு மாத, ஓராண்டுப் படிப்புகளைத் தனியார் நிறுவனங்கள் பல நடத்துகின்றன. இவற்றை முடித்தவர்கள் செவிலியராகப் பதிவு செய்ய முடியாது. சீருடையும் வகுப்புகளும் ஒன்றுபோல் தோன்றுவதால், இவ்வேறுபாடு படிப்பு முடிந்த பின்னரே பலருக்குத் தெரியவருகின்றது.

அனுமதியும் இணைப்பும்

பட்டப்படிப்பை நடத்தும் கல்லூரி ஒன்றுக்கு மாநில அரசின் அனுமதி, செவிலியர் குழுமத்தின் அனுமதி, பல்கலைக்கழக இணைப்பு ஆகிய மூன்றும் வேண்டும். தமிழ்நாட்டுக் கல்லூரிகள் சென்னையிலுள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்படுகின்றன. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தாமே பட்டம் வழங்குகின்றன. எனினும் அவற்றின் மாணவர்களும் குழுமத்தில் பதிவு செய்தே பணியாற்ற வேண்டும்.

அனுமதியைச் சரிபார்க்கும்போது மூன்று செய்திகளை உறுதி செய்துகொள்வது நல்லது. முதலாவது, அனுமதி எந்தப் படிப்புக்கு உரியது என்பது. பட்டயப் படிப்புக்கு அனுமதி பெற்ற நிறுவனம் பட்டப்படிப்பையும் நடத்தலாம் என்று பொருள் இல்லை. இரண்டாவது, அனுமதி எந்தக் கல்வியாண்டுக்கு உரியது என்பது. மூன்றாவது, அனுமதிக்கப்பட்ட இடங்கள் எத்தனை என்பது. அவ்வெண்ணிக்கைக்கு மேல் சேர்க்கப்பட்ட மாணவரின் பதிவு சிக்கலுக்கு உள்ளாகும். இவ்விவரங்களைக் கல்லூரியின் விளம்பரக் கையேட்டில் பார்ப்பதைவிட, குழுமமும் பல்கலைக்கழகமும் வெளியிடும் பட்டியல்களில் பார்ப்பதே உறுதியானது.

மருத்துவமனைப் பயிற்சி

பொது மருத்துவம், அறுவை மருத்துவம், மகப்பேறு, குழந்தை நலம், மனநலம், சமூக நலம் ஆகிய துறைகள் அனைத்திலும் மாணவர் நேரடிப் பயிற்சி பெறவேண்டும். 2021 ஆம் ஆண்டு அரசிதழில் வெளியான திருத்திய பாடத்திட்டம் எட்டுப் பருவங்களைக் கொண்டது. எட்டாம் பருவம் உள்ளிருப்புப் பயிற்சிக்கு உரியது. அது வாரத்துக்கு 48 மணி நேரமாக 22 வாரங்கள் நடைபெறும்.

இந்திய செவிலியர் குழுமத்தின் விதிகளின்படி, கல்லூரிக்குக் குறைந்தது 100 படுக்கைகள் கொண்ட சொந்த மருத்துவமனை வேண்டும். ஒரு மாணவருக்கு மூன்று நோயாளிகள் என்பது விதிக்கப்பட்ட விகிதம் ஆகும். எடுத்துக்காட்டாக, ஒரே நேரத்தில் 40 மாணவர்கள் வார்டுகளில் இருந்தால் 120 நோயாளிகள் இருக்கவேண்டும். படுக்கைகளின் எண்ணிக்கை மட்டும் இங்கே போதுமானது அன்று. 100 படுக்கைகளில் 30 பேரே சிகிச்சை பெற்றால், ஒரு நோயாளியைச் சுற்றிப் பல மாணவர்கள் நிற்க நேரிடும். ஊசி போடுதல், காயத்துக்குக் கட்டுப் போடுதல், சிறுநீர்க் குழாய் பொருத்துதல் முதலியவற்றைச் செய்து பழகாமல், பார்த்து மட்டுமே அவர்கள் வெளிவருவார்கள். இக்குறை பின்னர் நோயாளியையே பாதிக்கும்.

மனநலம், மகப்பேறு போன்ற துறைகள் சொந்த மருத்துவமனையில் இல்லாதபோது, கல்லூரிகள் வேறு மருத்துவமனைகளுடன் உடன்பாடு செய்துகொள்கின்றன. அம்மருத்துவமனைகள் எவை, அவை எவ்வளவு தொலைவில் உள்ளன, பயணச் செலவு யாருடையது, இரவுப் பணிக்குப் பின் மாணவர் எவ்வாறு விடுதி திரும்புவர் ஆகியவை சேருமுன் கேட்டறிய வேண்டியவை. புறநோயாளிகள் வரும் நேரத்தில் மருத்துவமனையை ஒருமுறை நேரில் பார்ப்பதும், மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர்களிடம் விசாரிப்பதும் பயனுள்ள வழிகள் ஆகும்.

மற்றொரு தீமையும் உண்டு. சில மருத்துவமனைகளில் மாணவர்கள் ஊதியமில்லாப் பணியாளர்களாகப் பயன்படுத்தப்படுகின்றனர். வார்டில் கல்லூரி ஆசிரியர் உடன் இருக்கிறாரா என்பதே பயிற்சியையும் வேலை வாங்குவதையும் வேறுபடுத்தும் அடையாளம் ஆகும்.

ஆசிரியர்களும் மொழியும்

பத்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது குழுமத்தின் விதி. ஆசிரியர் எண்ணிக்கையுடன், அவர்களுள் முதுநிலைப் பட்டம் பெற்றவர் எத்தனை பேர் என்பதும், அவர்கள் தொடர்ந்து அங்கேயே பணிபுரிகின்றனரா என்பதும் கவனிக்கத்தக்கவை.

இப்படிப்பு ஆங்கில வழியில் நடத்தப்படுகின்றது. தமிழ் வழியில் பள்ளிக் கல்வி பெற்றோர் முதலாண்டில் உடற்கூற்றியல், உடலியங்கியல் ஆகிய பாடங்களில் இடர்ப்படுவது இயல்பு. அவர்களுக்குத் தனி வகுப்புகள் நடத்தும் கல்லூரி அத்தகைய மாணவருக்கு ஏற்றதாகும். அதே வேளையில், நோயாளியுடன் பேசும் மொழி பெரும்பாலும் தமிழே என்பதால், தமிழில் தெளிவாக விளக்கும் திறன் இத்தொழிலில் ஒரு வலிமை ஆகும்.

சேர்க்கை முறை

மேல்நிலை வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் ஆகியவற்றைப் பயின்று, குறைந்தது 45 விழுக்காடு மதிப்பெண் பெற்றிருத்தல் பட்டப்படிப்புக்கான தேசிய அளவிலான தகுதி ஆகும். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 5 விழுக்காடு தளர்வு உண்டு. சேரும் ஆண்டின் திசம்பர் 31 இல் 17 வயது நிறைந்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் அரசுக் கல்லூரி இடங்களும் தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களும் மேல்நிலைத் தேர்வு மதிப்பெண் அடிப்படையில் கலந்தாய்வு மூலம் நிரப்பப்படுகின்றன. எய்ம்சு நிறுவனங்கள் தமக்கெனத் தனி நுழைவுத் தேர்வை நடத்துகின்றன. புதுச்சேரி சிப்மர் நிறுவனமும் படைத்துறைச் செவிலியர் கல்லூரிகளும் நீட் தேர்வு மதிப்பெண்ணைக் கணக்கில் கொள்கின்றன. ஆகவே மேல்நிலை இரண்டாம் ஆண்டின் தொடக்கத்திலேயே எத்தேர்வுகளை எழுதுவது என்று முடிவு செய்தல் வேண்டும்.

செலவும் சான்றிதழ்களும்

அரசுக் கல்லூரிகளில் கட்டணம் மிகக் குறைவு. அங்கு நோயாளிகளும் மிகுதி. இவ்விரு காரணங்களால் அவ்விடங்களுக்குப் போட்டி அதிகம். தனியார் கல்லூரிகளில் கல்விக் கட்டணத்துடன் விடுதி, சீருடை, போக்குவரத்து, தேர்வு, வெளி மருத்துவமனைப் பயிற்சி ஆகியவற்றுக்கான கட்டணங்களும் சேரும். நான்கு ஆண்டுக்குமான மொத்தத் தொகையை எழுத்தில் பெற்ற பின்னரே கல்லூரிகளை ஒப்பிட இயலும்.

கட்டணத்தைக் குறைப்பதற்கு ஈடாக, படிப்பு முடிந்தபின் குறிப்பிட்ட காலம் தம் மருத்துவமனையில் பணிபுரியவேண்டும் என உறுதிப்பத்திரம் கேட்கும் நிறுவனங்களும் உள்ளன. இதற்குப் பிணையாக மூலச் சான்றிதழ்களை வைத்துக்கொள்வதால் மாணவர் வேறு பணிக்குச் செல்ல முடியாத நிலை ஏற்படுகின்றது. மூலச் சான்றிதழ்களை நிறுவனங்கள் தம்மிடம் வைத்துக்கொள்ளலாகாது எனப் பல்கலைக்கழக மானியக் குழு 2018 ஆம் ஆண்டு அறிவித்தது. சரிபார்த்தவுடன் அவற்றைத் திரும்பப் பெறுவது மாணவரின் உரிமை ஆகும்.

வெளிமாநிலக் கல்லூரிகள்

தமிழ்நாட்டு மாணவர் பலர் கருநாடகம், ஆந்திரம் ஆகிய மாநிலங்களுக்கும் சென்று பயில்கின்றனர். அங்கே பயின்றவர் முதலில் அம்மாநிலக் குழுமத்தில் பதிவு செய்து, பின்னர் தமிழ்நாட்டுக் குழுமத்துக்குப் பதிவை மாற்றிக்கொள்ள வேண்டும். இடைத்தரகர் வழியாகச் சேருவோருக்குக் கல்லூரியின் பெயரோ மருத்துவமனையோ முன்கூட்டியே தெரிவதில்லை. கல்லூரியை நேரில் பார்க்காமல் முன்பணம் செலுத்துவது இவர்கள் ஏமாற்றப்படுவதற்கு முதன்மையான காரணம் ஆகும்.

படிப்புக்குப் பின்

தமிழ்நாடு அரசு மருத்துவமனைகளுக்கான செவிலியர்கள், 2012 ஆம் ஆண்டு ஏற்படுத்தப்பட்ட மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் தெரிவு செய்யப்படுகின்றனர். எய்ம்சு நிறுவனங்களின் செவிலிய அலுவலர் பணிக்குத் தனித் தேர்வு உண்டு. அமெரிக்க ஐக்கிய நாட்டில் பணிபுரிய என்கிளெக்ஸ் தேர்வும், பிரித்தானியாவில் கணினிவழித் தேர்வும் செய்முறைத் தேர்வும், செருமனியில் செருமானிய மொழித் தேர்ச்சியும் தேவைப்படுகின்றன.

வெளிநாட்டு நிறுவனங்கள் பட்டச் சான்றிதழுடன், ஒவ்வொரு துறையிலும் வகுப்பறையிலும் வார்டிலும் செலவிட்ட மணிநேரங்களின் பட்டியலையும் கேட்பதுண்டு. இப்பட்டியலைக் கல்லூரியே வழங்கவேண்டும். பயிற்சிப் பதிவேடுகளை ஒழுங்காகப் பேணாத கல்லூரியில் படித்தவர், பல ஆண்டுகள் கழித்து இதற்காக அலைய நேரிடுகின்றது. பழைய மாணவர்கள் இச்சான்றுகளை எளிதில் பெறுகின்றனரா என்பதும் கல்லூரித் தெரிவின்போது விசாரிக்கவேண்டியவற்றுள் ஒன்றாகும்.